ஒரு அவுட்டுக்கு முன்னால்

சவூதியின் ஜுபைலில் நாங்கள் வேலை செய்த அமெரிக்க என்ஜினியர் துரையின் வீட்டில், சமையல்காரர் இரத்தினசிங்கம் அண்ணை எதைக் கேட்பதென்றாலும் துரையின் பேஸ்பால் அணி வென்ற காலையில்தான் கேட்பார். ஆட்டம் விடியலில் ரேடியோவில் வரும். தோற்றால் துரை சாப்பாட்டையே தொடமாட்டார்.

எண்பத்தாறு அக்டோபரில் அண்ணையின் மனைவி ராசம்மா யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் கிடந்தார். லீவுக் கடிதம் நான்கு நாட்களாக அண்ணையின் சட்டைப்பையில் இருந்தது. அன்று இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம்; எதிரணியில் இன்னும் ஒருவர் அவுட்டானால் கிண்ணம் துரையின் அணிக்கு. துரை எழுந்து நின்று கைதட்டினார்.

"வெண்டமாதிரித்தான் அண்ணை, போங்கோ" என்றேன்.

"முடியட்டும் பிள்ளை."

"முடிஞ்சா டெலிபோனோட நிண்டிடுவார். இப்பவே குடுங்கோ."

அண்ணை கடிதத்தை நீட்டினார். துரை அதை வாங்கிக்கொண்டு, பொறு என்று கையைக் காட்டினார். பிறகு துரையின் அணி ஆட்டக்காரர் ஒருவரின் காலுக்கிடையால் பந்து போய்விட்டதாம். அன்றும் தோற்றார்கள், அடுத்த, கடைசி ஆட்டத்திலும் தோற்றார்கள்.

"கிறிஸ்மஸுக்குப் பிறகு பார்ப்போம்" என்று துரை கடிதத்தைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்தார். அந்த வருட ஆட்டங்கள் முடிந்திருந்தன. அண்ணை மறுபடி கேட்கவில்லை. ராசம்மா நவம்பரில் இறந்துபோனார்.

இப்போது அண்ணை இணுவிலில் மகளோடு இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை எனக்கு டெலிபோன் எடுப்பார். நான் அவசரப்படுத்தியதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.