அரைக் கோப்பை

துறைமுகத்தை ஒட்டிய மாலுமிகள் விடுதியில் என் அத்தைக்குத் தேநீர் போடும் வேலை. எந்த நாட்டார் உப்புப் போட்டுக் குடிப்பார்கள், எந்த நாட்டார் கோப்பையைக் கவிழ்த்தால் 'போதும்' என்று அர்த்தம் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அதில் ஒரு வழக்கத்தை மட்டும் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். ஏதோ மலைநாட்டில் விருந்தாளிக்கு அரைக் கோப்பைதான் ஊற்றுவார்களாம். இன்னும் கொஞ்ச நேரம் இரு, மறுபடி தருகிறேன் என்று பொருள். நிரம்ப ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள்.

மாமாவுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. "வந்தவங்க நம்மள கஞ்சப் பிசினாறின்னுதான் நினைப்பாங்க" என்று என் எதிரிலேயே எரிந்து விழுவார். அந்த மனிதர் வாயை மூடினால் தேவலை என்றிருக்கும் எனக்கு. அத்தை காதிலேயே போட்டுக்கொள்ளாமல் அடுத்த அரைக் கோப்பையை ஊற்றுவாள். பேச்சு நீளும். கடைசிப் பேருந்தை எத்தனையோ முறை விட்டிருக்கிறேன்.

அத்தை காலமான பிறகு, போன மாதம் அந்த வீட்டுக்குப் போனேன். மாமாவே அடுப்படியில் நின்று தேநீர் போட்டார். நீட்டிய கோப்பையில் பாதிதான் இருந்தது.

"என்ன பாக்குற? குடி, ஊத்துறேன்" என்றார்.

ஒரே கசப்பு. குடித்துவிட்டுக் கோப்பையை மறுபடி நீட்டினேன்.