அக்கா கையிலிருந்த மவுஸ்

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்பவர். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்றால் போதும், சோறு தண்ணி வேண்டாம். ஓரங்கட்டிய கம்ப்யூட்டரில்கூட ஓடும் என்று எதிரே வருகிறவர்களை எல்லாம் நிறுத்திவைத்துச் சொல்வார். போன வருஷம், சனிக்கிழமைதோறும் அதைச் சொல்லிக்கொடுக்க நூலகத்து மாடியில் இடம் கிடைத்தது. 'ஒன்றுமே தெரியாதவர்களும் வரலாம்' என்று அவரே பெரிதாக எழுதி வாசலில் ஒட்டினார்.

அதை நம்பி முதல் ஆளாக வந்தவர் அவருடைய அக்கா. தையல் வேலை செய்கிறவர். துணி கொடுப்பவர்களின் அளவுகளைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ள அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. தன் மகள் வேண்டாமென்று கொடுத்த லேப்டாப்பைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

ஒரு ஃபோல்டரைத் திறக்கச் சொன்னார் இவர். அக்கா தயங்கித் தயங்கி மவுஸை நகர்த்த, அம்புக்குறி எங்கெங்கோ ஓடியது. இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, தள்ளுக்கா! இதுக்கு இவ்வளவு நேரமா?" என்று மவுஸைப் பிடுங்கி, கண்மூடித் திறப்பதற்குள் இவரே திறந்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

அடுத்த சனிக்கிழமை அக்கா வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அப்போதுதான் இவருக்கு உறைத்தது. எல்லாவற்றையும் அடியோடு மாற்றினார். சொல்லித்தருகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும், மவுஸைத் தொடவே கூடாது. முதல் அரைமணி நேரம் திறப்பதும் மூடுவதும் மட்டும். என்ன அழிந்தாலும் பரவாயில்லை என்று நாலு கம்ப்யூட்டர்களைத் தனியாகப் போட்டார். கூட்டம் சேர்ந்தது.

"உங்க பொறுமை யாருக்குங்க வரும்?" என்று ஒரு நர்ஸம்மா சொன்னார். இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! வீடு வந்ததும் நான் விடவில்லை.

"பாராட்டை மட்டும் வாங்கிக்கிட்டு உக்காந்திருந்தா ஆச்சா? போய் மன்னிப்புக் கேளுங்க" என்று கத்தி, நான்தான் அக்கா வீட்டுக்கு இழுத்துப்போனேன்.

அக்கா சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். "அக்கா, மறுபடி வாயேன்" என்றார் இவர்.

"வேணாம்டா" என்றார் அக்கா, ஊசியை நிறுத்தாமல். "அத்தனை பேர் முன்னாடி என்னால உனக்கு எவ்வளவு அசிங்கம்! உன் அக்காவுக்கு இதுகூடத் தெரியலன்னு நெனச்சிருப்பாங்க. என்மேல கோவமில்லையே உனக்கு?"

மன்னிப்புக் கேட்க வந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.