கொடியில் காய்ந்த தோள் எலும்பு

எங்கள் அக்கா ஆன்ஸ்லின் கலைக்குள் நுழைந்தது என் தலைமுடி வழியாக. கிறிஸ்துமஸ் குடிலுக்குச் சிமென்ட் சாக்கில் மலை செய்தாள். ஆடுகளுக்கு ரோமம் போதவில்லை. தூங்கிக்கொண்டிருந்த என் பின்னலில் கத்தரியை வைத்துவிட்டாள். அந்த வருஷம் பெத்லகேமில் எல்லாம் கறுத்த ஆடு. அன்றே பழிவாங்கத் தீர்மானித்தேன்.

பிறகு அவள் திருவனந்தபுரத்தில் ஓவியம் படித்துத் திரும்பினாள். நான் பிளஸ் ஒன்னோடு நின்றுகொண்டேன். எண்ணெய் வண்ணம் படித்தவள் கையில் எடுத்ததோ அப்பா வெட்டும் ரப்பர் பால். தட்டில் ஊற்றி ஆசிட் விடுவாள். உறையும் முன் பஸ் டிக்கெட், சேலைத் துண்டு, பலாச் சருகு எல்லாம் உள்ளே அமுக்குவாள். பிறகு ஷீட் அடிக்கும் உருளையில் விட்டுக் கொடியில் காயப்போடுவாள்.

கொச்சிக் கண்காட்சிக்குப் பத்து கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை வண்டி வரும். பத்தாவதில் அப்பாவின் எக்ஸ்ரே. பைக்கிலிருந்து விழுந்து தோள் எலும்பு ஒடிந்தபோது எடுத்தது. சுவரில் மாட்டினால் வெறும் கறுப்பு. அவளுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

"இது சரியாவலேன்னா ஒண்ணையும் அனுப்ப மாட்டேன்."

வெள்ளிக்கிழமை, புதுக்கடை ரப்பர் கடைக்குப் போன அப்பாவின் ஷீட் கட்டுக்குள் அந்தப் பத்தாவதைச் சொருகிவிட்டேன். ஒரு தூசி இருந்தாலும் குதிக்கிறவர் கடைக்கார குமாரதாஸ் மாமா. அவர் அக்காவைத் திட்டுவதைக் கேட்டு ரசித்துவிட்டுத் திருப்பி வாங்கி வரலாம் என்று நினைத்தேன்.

அக்கா கண்டுபிடித்துவிட்டாள். ஓடினோம்.

"ஏட்டி ஜினிஷா, அவரு அத வெட்டியிருந்தா ஒன்ன உருளையில விட்டிருவேன், கேட்டியா!"

மாமா கடை வாசலில் ஷீட்டை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். எந்த ஷீட்டையும் அப்படித்தான் தரம் பார்ப்பார். காலடியில், தூசி பட்ட இடத்தை வெட்டியெடுக்கும் கத்தி.

"இது ஒங்க அப்பா சத்தியராஜுக்க தோளாக்கும்," என்றார். "நான்தானே நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல தூக்கிட்டுப் போனேன். டாக்டர் இந்த ஒடிவக் காட்டினாரு."

அக்கா அவர் பக்கத்தில் போய் நிமிர்ந்து பார்த்தாள். தேன் நிறத்துக்கு நடுவே வெள்ளை எலும்பாக அப்பா தெரிந்தார்.

"நல்லாருக்கா மாமா?"

"கொள்ளாம் மக்கா. ஆனா ஷீட்டுல சேக்க முடியாது. அழுக்கு."

பத்தும் கொச்சிக்குப் போயின. சுவரில் மாட்ட அல்ல, ஜன்னலுக்கு எதிரே கொடி கட்டித் தொங்கவிட. கண்காட்சிப் படிவத்தில் 'உங்களைப் பாதித்தவர்கள்' என்ற இடத்தில் 'குமாரதாஸ், ரப்பர் கடை' என்று எழுதினாள். என் பேர் எங்கே என்றேன்.

"நீ வெறும் மெட்டீரியல்ட்டி. முடி இருக்கா இன்னும்?"

எங்கள் வீட்டுக் கொடியையும் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டாள். அப்பாவின் லுங்கியை நான் இப்போது மதிலில்தான் காயப்போடுகிறேன். அவர் தோளைத் தடவிக்கொண்டே தினமும் கேட்கிறார்:

"ஏட்டி, எனக்க எலும்ப அங்க ஆராவது வந்து பாத்தாச்சா?"