பதினேழாம் நம்பர் தகரம்

அன்னிக்குக் கொட்டாயில் இருந்தது நாலு பேர். முனிசிபாலிட்டி சுகாதார இன்ஸ்பெக்டர். அவர் கூட நோட்டுப் புத்தகம் தூக்கி வந்த பியூன். என் வீட்டுக்காரர். நான்.

இன்ஸ்பெக்டர் ஆணியில் தொங்கின தகரங்களைக் கழற்றி எண்ணினார். கையில் மாடு எதுவும் இல்லாத நாள் அது. முப்பதும் ஆணியில் இருக்க வேண்டும். இருபத்தொன்பதுதான் இருந்தது. பியூனை எண்ணச் சொன்னார். அவனுக்கும் அதே கணக்குதான். பதினேழாம் நம்பர் இல்லை.

நாங்கள் செத்த மாட்டுக் கொழுப்பை உருக்குகிறவர்கள். மாரிகுப்பத்தில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகள் முடிந்து, தங்கம் எடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டைத் தாண்டினால் எங்கள் கொட்டாய். சுரங்கத்தில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவர் என் வீட்டுக்காரர். உள்ளே தின்ற தூசி நெஞ்சில் இருக்கிறது. மூட்டை தூக்க முடியாது. கொப்பரை அடுப்புக்கு முன்னால் உட்கார முடியும். மாட்டுத் தோல் ஆம்பூருக்குப் போகும். கொழுப்பும், ஓட்டல்களில் வாங்குகிற சுட்ட எண்ணெயும் சோப்புக் கம்பெனிக்குப் போகும். அதில்தான் வீடு ஓடியது.

முதலில் எதற்கும் சட்டம் இல்லை. லைன் வீட்டுக்காரர்கள் நாற்றம் என்று மனு கொடுத்தார்கள். பொய் இல்லை. நாற்றம்தான். அப்புறம் லைசென்ஸ் வந்தது, சட்டம் வந்தது. கொப்பரைக்கு மூடி போட வேண்டும். கழிவுத் தண்ணியை ஓடையில் விடக் கூடாது. சுட்ட எண்ணெய் மறுபடி அடுப்பு ஏறாமல் இருக்க, வாங்கும்போதே கடைக்காரர் கண் முன்னால் ஒரு டம்ளர் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். போண்டா கடைக்காரர் ஒருத்தர், நான் ஊற்றும்போதெல்லாம், "என் எண்ணெய்க்குப் பால் ஊத்தியாச்சா?" என்பார்.

நோயில் செத்த மாட்டை அறுக்கக் கூடாது. ஆழமாகக் குழி எடுத்து, சுண்ணாம்பு கொட்டி, முழுசாகப் புதைக்க வேண்டும். அந்தக் குழியை எந்தக் காலத்திலும் யாரும் தோண்டக் கூடாது.

தகரமும் அந்தச் சட்டத்தில் வந்ததுதான். ஒன்றிலிருந்து முப்பது வரை நம்பர் குத்திய தகரம். செத்த மாட்டின் காதில், மாட்டுக்காரர் வீட்டிலேயே கட்ட வேண்டும். உருக்கி முடித்ததும் தகரம் ஆணிக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அந்த மாடு வேறு வழியில் போய்விட்டது என்று அர்த்தம். வேறு வழி என்றால் கறி.

இன்ஸ்பெக்டர் கன்னடக்காரர். எப்போதும் கன்னடத்தில்தான் கேட்பார். அன்னிக்குத் தமிழில் கேட்டார்.

"கறிக்குப் போட்டியா?"

வீட்டுக்காரர் இல்லை என்று தலையாட்டினார். பதினேழு எங்கே என்றார் இன்ஸ்பெக்டர். இவர் குழியில் இருக்கிறது என்றார்.

எனக்கே அப்போதுதான் தெரியும்.

ரெண்டு மாதம் முன்னால் நடந்தது. லைனில் பால் ஊற்றுகிற அம்மாவின் பசு, காலையில் நின்றது மத்தியானம் விழுந்துவிட்டது. இவர் தகரம் கட்டி வண்டியில் ஏற்றி வந்தார். கொட்டாய் வாசலில் இறக்கும்போது மூக்கிலிருந்து கறுப்பு ரத்தம் வந்தது. உறையாத ரத்தம். இவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தார். டாக்டர் பார்த்துவிட்டு அடைப்பான் நோய், ஆந்த்ராக்ஸ், தொடாதே, புதை என்றார். அந்த அம்மாவின் மற்ற ரெண்டு மாட்டுக்கும் ஊசி போட்டுவிட்டுப் போனார். குழி தோண்ட சாயங்காலம் வரை ஆச்சு. சுண்ணாம்பு மூட்டை சைக்கிளில் வந்தது. லைன் ஆட்கள் மேட்டில் நின்று பார்த்தார்கள். தகரத்தை எப்போது கழற்றினார் என்று நான் கேட்கவில்லை. அவர் கழற்றவே இல்லை.

"ஏன்யா கழட்டல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மேல வராத ஆளோட நம்பரை இன்னொருத்தருக்குக் குடுக்க மாட்டோம் சார்."

சுரங்கத்தில் கூண்டு ஏறும் முன்னால் ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன் எடுப்பார்கள். மேலே வந்ததும் பலகையில் திருப்பி மாட்டுவார்கள். எவன் டோக்கன் பலகையில் இல்லையோ அவன் இன்னும் கீழே இருக்கிறான். பாறை விழுந்து ஒருத்தன் வராமலே போனால், இவர் ஷாஃப்ட்டில் அந்த நம்பரை அதோடு விட்டுவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் அப்படிப் பழகினவர். தகரத்தையும் அப்படியே நினைத்துவிட்டார்.

"அது ஆளு. இது மாடுய்யா."

"நம்பர் நம்பர்தானே சார்."

பியூன் சிரித்தான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. தோண்டிக் காட்டட்டுமா என்று இவர் கேட்டார். தோண்டக் கூடாது என்று கையெழுத்துப் போட்டதே நான்தானே என்றார் அவர். டாக்டரிடம் எழுதி வாங்கினாயா என்றார். வாங்கவில்லை. டாக்டர் மாற்றலாகி எங்கோ போய்விட்டார்.

கடைசியில் ஒரு வாரம் தவணை கொடுத்தார். முழு மாடு புதைத்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று எழுதி, மனு கொடுத்த வீடுகளில் அஞ்சு பேர் கையெழுத்துப் போட வேண்டும். எங்களை வேண்டாம் என்றவர்களே போட்டால்தான் அவருக்கு நம்பிக்கை. அது தவிர, எந்த நோயில் செத்தது என்று எழுதி மாட்டுக்காரம்மா கை வைப்பதும் கட்டாயம். ஒன்று குறைந்தாலும் லைசென்ஸ் இல்லை, கொட்டாய்க்குப் பூட்டு.

அவர் போனதும் வீட்டுக்காரர், "நான் போய்க் கேக்க மாட்டேன்" என்றார். சரி என்றேன். நான் மூணாவது வரை படித்தவள். பேப்பரில் விஷயத்தை நானே எழுதினேன்.

முதலில் மனுவை எழுதினவர் வீடு. ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் சம்சாரம்தான் கதவு திறந்தார்.

"நீ மூணு வீடு தள்ளி வரும்போதே தெரிஞ்சுடுச்சு, வாசம் முன்னாடி வந்துடுது."

"ஆமாக்கா" என்றேன்.

விஷயத்தைச் சொன்னேன். அந்த அக்கா கையை விரித்தார். உன் கொட்டாய் மூடட்டும் என்றுதானே நாங்கள் எழுதினோம், மூடாதே என்று எப்படி எழுதுவது என்றார். நியாயமான கேள்வி. பேப்பரை நீட்டிக்கொண்டே நின்றேன். ஃபிட்டர் உள்ளே இருந்து வந்து பேப்பரை வாங்கி ரெண்டு தடவை படித்தார். அன்னிக்கு மேட்டில் நின்று பார்த்தேன், மாட்டை முழுசாக இறக்கினார்கள், சுண்ணாம்பு கொட்டினார்கள் என்றார். போட்டார்.

"இது பாத்ததுக்கு. நாத்தத்துக்குக் குடுத்த மனு அப்படியே இருக்கு, வாபஸ் வாங்க மாட்டேன்."

வேண்டாங்க என்றேன். அவர் போட்டதால் அடுத்த வீடுகளில் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. ரெண்டு வீட்டில் முகத்தில் கதவு சாத்தினார்கள். நாலாம் நாள் அஞ்சு கையெழுத்து சேர்ந்துவிட்டது.

மாட்டுக்காரம்மா போடவில்லை.

ஒவ்வொரு நாளும் போனேன். ஒருநாள் வீட்டில் இல்லை என்று மருமகளை விட்டுச் சொல்லவைத்தார். உள்ளே பால் ஆற்றுகிற சத்தம் கேட்டது. ஒருநாள் பேப்பரை வைத்துவிட்டுப் போ என்றார். ஆறாம் நாள் மாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சாணி வழித்துக்கொண்டே சொன்னார். புதைத்தபோது பாம்பு கடித்தது என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். இப்போது அடைப்பான் என்று கை வைத்தால் மற்ற ரெண்டு மாட்டுப் பாலை எவன் வாங்குவான்?

"ஊசி போட்டிருக்குதேம்மா. பால்ல ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொன்னாரே."

"டாக்டரா வந்து சொம்பு நீட்டப் போறாரு?"

பேப்பரை மடித்து இடுப்பில் சொருகினேன். கிளம்பினேன்.

அந்த அம்மா பின்னாலிருந்து கேட்டார். "அன்னிக்கு உன் வூட்டுக்காரர் கத்தி வெச்சிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"அவருக்கு வந்திருக்கும். எனக்கும் வந்திருக்கும். கறி தின்னவங்களுக்கும்."

அப்புறம் கொஞ்ச நேரம் சாணி வழித்தார். கையைக் கழுவினார். புடவையில் துடைத்தார். பேப்பரைக் கொண்டா என்றார். மை இல்லை. அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து வைத்தார். பெருவிரல்.

ஏழாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். படித்தார். மாட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். லைன் வாசலில், நாலு பேர் கேட்க, அந்த அம்மா உள்ளதைச் சொன்னார். அடைப்பான் என்கிற வார்த்தையை அவர் வாயாலேயே சொன்னார். இன்ஸ்பெக்டர் நோட்டில் பதினேழை அடித்துவிட்டு, பக்கத்தில் 'குழி' என்று எழுதினார். லைசென்ஸில் முத்திரை குத்தினார். இனிமேல் புதைக்கிற மாட்டுத் தகரத்தைக் கழற்றி ஆபீஸுக்குக் கொண்டு வா என்றார். வீட்டுக்காரர் சரி சார் என்றார்.

மறுநாள் காலையில் கொப்பரை ஏற்றினோம்.

அன்னிக்கே லைனில் பேச்சு போய்விட்டது. நான் சாயங்காலம் சொம்பு எடுத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டில் அதுவரை பால் வாங்கியதில்லை, கடுங்காப்பிதான். அரை லிட்டர் ஊற்றினார். குண்டானில் நிறைய மிச்சம் இருந்தது. எவ்வளவு பேர் நின்றுவிட்டார்கள் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார்.

ஏழு வீடு.