சிலுவை போட்ட மெஷின்

நெக்குலாய் தன்யூப் ஆற்றங்கரைக் கப்பல் பட்டறையில் வெல்டிங் அடித்தே தலை நரைத்தவர். முதல் ஆள்குறைப்பிலேயே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது பட்டறையே திவாலாகி, சாமான்கள் ஏலத்துக்கு வந்திருந்தன. ஒரு வெல்டிங் மெஷின் எடுத்துவிட்டால் வீட்டிலேயே இரும்புக் கேட் அடித்துப் பிழைக்கலாம். இத்தாலியில் யாரோ ஒரு கிழவிக்குப் பீ மூத்திரம் அள்ளிக்கொண்டிருக்கும் சான்டா, அவர் மனைவி, ஊர் திரும்பலாம். அந்த மனுஷனுக்கு வேறு ஆசையே கிடையாது.

ஏலத்துக்கு முந்தின நாள் பார்வைக்கு விட்டார்கள். கரண்ட்டை வெட்டிவிட்டதால் ஓட்டிப் பார்க்க வழியில்லை, எடுத்தால் எடுத்ததுதான். நெக்குலாய் திருப்புளியோடு போனார். மூடியைக் கழற்றி மோந்து பார்ப்பது அவர் வழக்கம். உள்ளே செம்புக் கம்பிச் சுருள் கருகின வாடை அடித்தால் அதை விட்டுவிடுவார்.

முதல் மெஷினில் சுருளே இல்லை. உள்ளே செங்கல். அடுத்ததிலும் செங்கல்.

"எல்லாம் நம்ம கைவரிசைதான் அண்ணே," என்று சிரித்தான் கூட வந்த ஸாஹாரியா, பழைய சகா.

பொய்யில்லை. ஆள்குறைப்புக்கு முன்னால் சம்பளம் நின்றுபோன மாதங்களில் ஆளாளுக்குச் செம்பை உருவி விற்றார்கள். கனம் குறைந்தால் காவல்காரன் கண்டுபிடிப்பான் என்று செங்கல் வைத்தார்கள். அது கடகடவென்று ஆடியபோது, கந்தலில் சுற்றி வைக்கச் சொன்ன மூளை நெக்குலாயுடையது. ஆனால் திருட்டிலும் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள்: அடுத்தவன் நின்று வேலை பார்க்கும் மெஷினில் கை வைப்பதில்லை.

மூலையில் அவருடைய மெஷின் நின்றது. ஒரு ஈஸ்டருக்கு அவர் வெள்ளைப் பெயிண்டில் போட்ட சிலுவை அப்படியே இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அசைத்துப் பார்த்தார். நல்ல கனம், சத்தமும் இல்லை.

"இதையும் திறந்துடுங்கண்ணே."

"போடா! கட்டின பொண்டாட்டியவே சோதனை போடச் சொல்லுவ போலிருக்கு. என் மெஷின்ல எவன்டா கை வைப்பான்?"

மறுநாள் ஏலத்தில் மெஷின் அவருக்கே விழுந்தது. அங்கேயே நின்று சான்டாவுக்குப் போன் போட்டார். "கிழவிகிட்ட சொல்லிட்டுக் கிளம்புடி!"

வண்டி பிடித்துக் கொண்டுவந்து, வீட்டில் சுவிட்சைப் போட்டார். உறுமல் வரவில்லை. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினார். செங்கற்கள். ஒவ்வொன்றும் கந்தலில் சுற்றி, கயிறு கட்டி, அவர் சொன்ன மாதிரியே கச்சிதமாக இருந்தது. அவர் பட்டறை வாசல் தாண்டின அன்றே அந்த மெஷினுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. இது இப்போதுதான் அந்த மண்டையில் ஏறியது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அழக்கூட வரவில்லை.

போன் அடித்தது. சான்டா. பின்னால் பஸ் இரைச்சல்.

"யோவ், பஸ் ஏறிட்டேன்! என் இடத்துக்கு வேற ஒருத்தி வந்துட்டா, நான் இருக்கறப்பவே என் கட்டில்ல பெட்டிய வச்சுட்டா. போகட்டும். எங்க, உன் மெஷினைப் போடு, சத்தத்தைக் கேக்கறேன்."

நெக்குலாய் ப்ளக்கைச் செருகி, போனை மெஷின் பக்கம் நீட்டி, சுவிட்சைப் போட்டார்.

"ஒண்ணும் கேக்கலியே," என்றாள் சான்டா. "இன்னும் கிட்ட வையி."