மேசைத் துணி

கண்டிக் கடைகளில் பூச்சி உருண்டை மணக்கும்போதெல்லாம், பன்வில தேயிலைத் தோட்டத்து மாதா கோயில் மண்டபம் நினைவில் வந்து நிற்கிறது. மாதக் கடைசி ஞாயிறு ஆண்கள் சபைக்குக் கண்டியிலிருந்து பேச வருபவருக்காக, எங்கள் அலுமாரியில் பூச்சி உருண்டையோடு கிடக்கும் வெள்ளைத் துணியைக் கொண்டுபோய் மேசையில் விரித்து, சுருக்கம் போகும்வரை தடவிக்கொண்டே இருப்பார் அப்பா.

அடைமழை பெய்த ஒரு ஞாயிறும் துணியை எடுத்தார்.

"இந்த மழையில யாருங்க வரப்போறா?" என்றார் அம்மா.

"வந்துட்டா, பூட்டுன கதவு முன்னாடியா நிப்பாரு?"

பேச்சாளர் வரவில்லை. மலை சரிந்து, மண்டபம் அப்பாவோடு புதைந்தது.

அடக்கத்துக்குப் பேச்சாளர் வந்தார். சகோதரத்துவம் பற்றி நன்றாகப் பேசினார். நடுவில் மட்டும் குனிந்து, அப்பாவின் பெயரை என்னிடம் கேட்டுக்கொண்டார்.