அம்மாவின் புது முழங்காலும் ஜெபக் குழுத் தேநீரும்

பிரியமானவர்களே, 2007 ஆகஸ்டில், முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாவது வாரம், என் அம்மாவின் மூட்டு தொட்டால் சுட்டது. சிவந்து, பளபளவென்று வீங்கியிருந்தது. 

ஹைடெக் சிட்டியில் மென்பொருள் எழுதுகிறவள் நான். எதையும் உடனே இணையத்தில் தேடிவிடுவேன். அன்றும் தேடினேன். தேடியிருக்கவே கூடாது! உள்ளே கிருமி புகுந்திருந்தால் மூட்டைத் திரும்பத் திறக்க வேண்டும், வைத்ததையே கழற்ற வேண்டியும் வரலாம் என்று போட்டிருந்தது. “முட்டி போட்டு ஜெபிக்கணும்ட்டி, அதுக்காகத்தான் சம்மதிக்கேன்” என்று சொல்லி ஆபரேஷனுக்குப் போனவர் அம்மா. இன்னொரு ஆபரேஷனை அவர் தாங்குவாரா?

டாக்டர் மூட்டிலிருந்து நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை பயத்தோடே வேலைக்குப் போய்வந்தேன். கம்பெனி வண்டியில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். “ஆண்டவரே, அதைத் திரும்பத் திறக்க விடாதேயும்.” வேறு வார்த்தையே வரவில்லை. நாங்கள் குடியிருந்த காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில், எங்கள் ஜெபக் குழுப் பெண்கள் நான் வேலைக்குப் போயிருக்கும் பிற்பகலில் தினமும் வீட்டுக்கே வந்து அம்மாவுக்காக ஜெபித்தார்கள்.

முடிவு வந்தது. கிருமி இல்லை! நான் ஆஸ்பத்திரியிலேயே “ஸ்தோத்திரம்” என்று கத்திவிட்டேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் டாக்டருக்குச் சந்தேகம் தீரவில்லை. பிறகு ஏன் இத்தனை வீக்கம்? வீட்டில் ஓய்வுதானா என்று கேட்டார். அம்மா பவ்யமாகத் தலையாட்டினார். துணைக்கு வந்திருந்த ஜெபக் குழு ரோஸ் ஆன்ட்டிக்குப் பெருமை தாங்கவில்லை.

“அக்கா மாதிரி யாரு டாக்டர்! தினம் ஜெபத்துக்குப் போறோம், ஒருத்தரையும் டீ குடிக்காம அனுப்பமாட்டாங்க.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “டீ எவரு பெட்டாரு?”

டீ போட்டது யார் என்ற கேள்விக்கு, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தெலுங்கில் அம்மா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “நேனே!”

அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. அடுப்படியில் நின்று எல்லோருக்கும் டீ. பிறகு ஜெபம் முடிகிறவரை நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்காருவது. காலை உயர்த்தி வைத்து ஐஸ் வைக்கச் சொல்லியிருந்தார்களே என்று கேட்டேன். “வேதப்புஸ்தகத்துக்கு நேரா காலை நீட்டிட்டுப் படுக்கவா? நல்லாச் சொன்னே!” என்றார் அம்மா. நாங்கள் வடிய வேண்டுமென்று ஜெபித்த வீக்கத்துக்கு எங்கள் ஜெபக் கூட்டமே தீனி போட்டிருக்கிறது! டாக்டரே சிரித்துவிட்டார்.

மறுநாள் ரோஸ் ஆன்ட்டி பெரிய பிளாஸ்க்கோடு வந்து இறங்கினார். எழப்போன அம்மாவைப் பிடித்துப் படுக்க வைத்தார்.

“நக்கோ அக்கா, வேண்டாம்! ஆண்டவர் கோவிச்சுக்கமாட்டார். காலைத் தூக்குங்க.”

குதிகாலுக்குக் கீழே தலையணை அடுக்கி, துண்டில் சுற்றிய ஐஸை மூட்டில் வைத்தார்கள்.

“என்னட்டி, வஞ்சிர மீன் கணக்கா ஐஸ்ல போட்டுட்டீங்க!” என்று அலறினார் அம்மா.

உடற்பயிற்சியும் பாட்டோடுதான். ஒரு கைத்தட்டலுக்கு மடக்கு, அடுத்ததற்கு நீட்டு. பாட்டு வேகம் பிடித்தால், “ஏட்டி, மெதுவா! இது முட்டி, மத்தளம் இல்ல!” என்று கட்டிலிலிருந்து சத்தம் வரும்.

வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. சூடு தணியப் பல வாரங்கள் ஆயின. சில காலைகளில் வலி இருந்தது. அந்த நாட்களிலும் நடந்தார். மூட்டைத் திரும்பத் திறக்கவே இல்லை.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் நற்கருணைக்குப் போனோம். எல்லோரும் முழங்காலிட்டோம். அம்மாவும் முழங்காலிட முயன்றார். புது மூட்டு இடம் கொடுக்கவில்லை. நிமிர்ந்து நின்றுகொண்டார். அப்பத்தட்டோடு வந்த போதகரிடம், “முட்டி புதுசு ஐயா, நின்னே வாங்கிக்கிடுதேன்” என்றார். முழங்காலிட்டிருந்த என் கண்ணுக்கு நேரே, புடவை மடிப்புக்குள் அந்த முழங்கால். கம்பு இல்லை, நடுக்கமில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். இந்தத் தடவை வேறு அழுகை.

இப்போதெல்லாம் பயம் வந்தால் நான் முதலில் தேடுவது இணையத்தை அல்ல. நீங்களும் ஆண்டவரிடம் கேளுங்கள், பிரியமானவர்களே. கேட்டதை அவர் தருவார். தராததையும் தாங்கி நிற்க வைப்பார். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வாருங்கள். டீயை மட்டும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.